நண்டு ஓடும் இறால் ஓடும் வீண் போகலாமா?



கடற்கரை ஓரத்துக் கிராமங்களில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போகிற நாற்றம் நல்லாத் தெரியும். மண்டபம், இராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் நண்டை வேகவைத்துச் சதை எடுக்கிற கூடங்கள் இருக்கின்றன. நீலக்கால் நண்டின் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. ஓடு எங்கே போகிறது? கூடத்துக்குப் பின்பக்கம் குவிகிறது. ஒரு கிலோ நண்டு வாங்கினால் சதை கால்பங்கு, மிஞ்சினால் முப்பது பங்கு தேறும். மற்றதெல்லாம் ஓடு. இறாலிலும் அதே கதைதான். தலையும் தோலும் வாலும் போனால் எடையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்குள் அந்தக் குவியல் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

எனக்குக் கடற்கரையிலிருந்து நாலு மைலில் மணற்பாங்கான நிலம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கத்தரி, தக்காளி. சில வருஷங்களுக்கு முன்னே, "சும்மா கிடக்கிற சரக்குதானே, சுண்ணாம்புச் சத்து இருக்கு, தழைச்சத்து இருக்கு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு டிராக்டர் டிப்பர் நண்டு ஓடு கொண்டுவந்து கொட்டினேன். பாதியைத் தென்னையைச் சுற்றிப் போட்டேன். மீதியைக் கத்தரிப் பாத்தியில் கொத்திவிட்டு அதே வாரம் நாற்றும் நட்டேன். என்ன ஆச்சு தெரியுங்களா? ஊர் நாயெல்லாம் என் தோப்பில். ஈ மொய்த்தது சொல்லி முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. கத்தரி நாற்று பத்து நாளில் ஓரம் கருகி, முக்கால்வாசி போய்விட்டது. ஓட்டை விட்டால் போதும் என்று ஆள் வைத்து வாரிக் குழியில் போட்டேன். வண்டிக் கூலியும் நாற்றும் ஆள் கூலியும் சேர்த்து எனக்கு நஷ்டம்.

அப்புறம்தான், இது என்ன வஸ்து, ஏன் இப்படிப் பண்ணுச்சு என்று விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததில் தெரிந்தது, நான் குப்பை என்று நினைத்து அள்ளிக் கொட்டிய சரக்கிலிருந்துதான் காயத்துக்குக் கட்டு, தண்ணீர் தெளிய வைக்கிற மருந்து, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஒரு தாள் எல்லாம் செய்கிறார்கள் என்று. இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். அதில் நம் கையால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆகாததில் கை வைத்தால் கண்ணே போய்விடும், அதனால்.

முதலில் ஓடு என்றால் என்ன? கான்கிரீட் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி கட்டுகிறார்கள், அதற்கு மேலே சிமெண்டும் ஜல்லியும் கொட்டுகிறார்கள். நண்டு ஓடும் அப்படித்தான். கம்பி மாதிரி ஒரு நார் இருக்கிறது. அதன் பெயர் கைட்டின். அந்த நாரோடு புரதம் பின்னிக்கிடக்கிறது. இடுக்கெல்லாம் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். நன்றாகக் காய்ந்த ஓட்டை எடுத்துக்கொண்டால் கைட்டின் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பது பங்கு இருக்கும். மற்றது புரதமும் சுண்ணாம்பும். நண்டு ஓட்டில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் கல் மாதிரி இருக்கிறது. இறால் தோலில் சுண்ணாம்பு குறைவு, நார் அதிகம். வாங்குகிறவன் இறால் தோலைத்தான் முதலில் கேட்பான் என்றால் காரணம் இதுதான்.

இந்தக் கைட்டின் நண்டுக்கு மட்டும் சொந்தமில்லை. வண்டு, வெட்டுக்கிளி, கரப்பான்பூச்சி எல்லாவற்றின் மேல்தோலிலும் இருக்கிறது. காளானிலும் இருக்கிறது. பார்க்கப்போனால் 1811-ல் பிரகோன்னோ என்கிற பிரெஞ்சுக்காரர் இதை முதன்முதல் கண்டெடுத்ததே காளானிலிருந்துதான். 1859-ல் ரூஜே என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் அந்த நாரைக் கடுங்காரத்தில் வேகவைத்தார். வேகவைத்ததும் அதன் குணமே மாறிப்போயிற்று. முன்னே எதிலும் கரையாதது இப்போது புளிப்பான நீரில் கரைந்தது. அப்படி மாறின சரக்கைத்தான் இன்றைக்குக் கைட்டோசான் என்கிறார்கள். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நார் கைட்டின், அதைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான்.

நம்பிக்கை இல்லை என்றால் வீட்டில் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆபத்தில்லாதது. சாப்பிட்ட நண்டின் ஓட்டில் ஒரு சில்லு எடுத்துக் கழுவிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்குகிற அளவு வினிகர் ஊற்றுங்கள். உடனே சோடா மாதிரி நுரை கிளம்பும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்கிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. மறுநாள் வினிகரை மாற்றி இன்னும் ஒரு நாள் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் ஓட்டின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் தோல் மாதிரி வளையும். சிமெண்ட் போய்விட்டது, கம்பி நிற்கிறது. தொழிற்சாலையிலும் இதே வேலையைத்தான் பெரிய தொட்டியில் செய்கிறார்கள்.

அங்கே எப்படி என்றால், ஓட்டை நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்குவார்கள். புரதம் கரைந்து போகும். கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். சுண்ணாம்பு போகும். மறுபடி கழுவி உலர்த்தினால் வெள்ளையாகக் கைட்டின். கைட்டோசான் வேண்டுமென்றால் அந்தக் கைட்டினை 40, 50 சதவிகிதக் காஸ்டிக் சோடாவில், தண்ணீர் கொதிக்கிற அளவு சூட்டில் வேகவைக்க வேண்டும். நம் நாட்டில் இந்த முறையை உருவாக்கித் தொழிலுக்குக் கொண்டுவந்ததில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்துக்குப் பங்கு உண்டு. 1957-ல் தொடங்கிய நிலையம் அது. கொச்சியைச் சுற்றி இறால் உரிக்கிற கொட்டகைகள் அதிகம். ஓட்டுத் தொல்லையும் அங்கேதான் முதலில் வந்தது, அதற்கு வழி தேடினவர்களும் அங்கேதான்.

எவ்வளவு தேறும் என்று கேட்பீர்கள். நூறு கிலோ ஈர இறால் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்தால் இருபத்தைந்து கிலோ. அதில் கைட்டின் ஐந்து கிலோ போல. அதைக் கைட்டோசான் ஆக்கினால் நாலு கிலோ நின்றால் பெரிசு. நூறு நாலாகிறது! அதனால் தோலைக் கிலோ இத்தனை ரூபாய்க்கு எடுக்கிறேன் என்று யாராவது வானத்தைக் காட்டினால், இந்தக் கணக்கை மனசில் போட்டுப் பாருங்கள்.

சரி, அந்த நாலு கிலோவை வைத்து என்ன செய்கிறார்கள்?

நம் ஊரில் கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை இழைப்போமே, குடத்தின் உட்பக்கம் தேய்த்துவிட்டால் கலங்கல் கீழே உட்காரும். கைட்டோசானும் அதே வேலையைச் செய்கிறது. கலங்கல் துகளுக்கு ஒருவிதமான மின் ஏற்றம் இருக்கிறது, கைட்டோசானுக்கு அதற்கு எதிரான ஏற்றம். ஒன்றை ஒன்று இழுத்து, திரண்டு, கனத்துக் கீழே போய்விடும். ஆலைக் கழிவு நீரிலிருந்து அழுக்கையும் சாயத்தையும் பிரிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ரத்த அணுக்களையும் இதே மாதிரி இழுத்து உறைய வைக்கும். அந்தக் குணத்தை வைத்துத்தான் ரத்தம் நிறுத்துகிற கட்டுத் துணி செய்தார்கள். அமெரிக்காவில் 2002-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அடிபட்ட சிப்பாய்களுக்கு அந்தக் கட்டுத்தான் போட்டார்கள். மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற குளுக்கோசமின் மாத்திரை இருக்கிறதே, அதிலும் பெரும்பகுதி இந்த ஓட்டிலிருந்து வந்ததுதான்.

தாள் செய்கிற விதம் இன்னும் சுலபம். கைட்டோசானை வினிகர் மாதிரியான புளிப்பு நீரில் கரைத்தால் வடிகஞ்சி மாதிரி ஆகும். அதைத் தட்டில் ஊற்றிக் காயவிட்டால், மெல்லிய கண்ணாடித் தாள் மாதிரி உரிந்து வரும். மாம்பழத்தின் மேல் இதை மெல்லிசாகப் பூசினால் பழம் வதங்குவது தாமதமாகும். மண்ணில் போட்டால் மக்கிவிடும். பிளாஸ்டிக் பையைப் போல மாட்டு வயிற்றில் கிடந்து கொல்லாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இன்னும் மளிகைக் கடைப் பைக்கு அது வரவில்லை. விலை அதிகம், மழை ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் அந்தப் பையில் அரிசி வாங்கினால் வீடு வந்து சேராது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைஸ் நிறுவனத்தில் 2012-ல் இறால் ஓட்டுக் கைட்டோசானையும் பட்டுப் புரதத்தையும் அடுக்கி ஒரு சரக்கு செய்தார்கள். அலுமினியக் கலவை அளவுக்குப் பலம், எடையோ பாதி. 2014-ல் பட்டு இல்லாமல், கைட்டோசானோடு மரத்தூளைக் கலந்து, கோப்பை, சதுரங்கக் காய் என்று அச்சில் வார்த்துக் காட்டினார்கள். மரத்தூள் எதற்கு? காயும்போது சுருங்காமல் இருக்க. சுவர் பூச்சுக் களிமண்ணில் வைக்கோல் சேர்க்கிறோமே, அந்த மாதிரி. எனக்குப் பிடித்தது அடுத்ததுதான். அந்தக் கைட்டோசான் சரக்கை மண்ணில் கலந்து அதில் தட்டைப்பயறு வளர்த்தார்கள். மூன்று வாரத்தில் செடி நன்றாக வந்தது. கோப்பையாக இருந்தது பயறுக்கு எருவாயிற்று!

இவ்வளவு நல்ல சரக்கு என்றால் ஊருக்கு ஊர் ஏன் இந்த ஆலை இல்லை? அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். நூறு கிலோ காய்ந்த நண்டு ஓட்டில் ஐம்பது கிலோ சுண்ணாம்பு என்று வையுங்கள். அதைக் கரைக்கக் கடையில் விற்கிற 33 சதவிகித ஆசிட் ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோ வேண்டும். ஓட்டைவிட ஆசிட் அதிகம்! கரைந்த சுண்ணாம்பு உப்பு நீராக வெளியே வரும். புரதம் கலந்த காஸ்டிக் நீர் தனி. தண்ணீர்ச் செலவோ கேட்க வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இரண்டு பேர் 2015-ல் எழுதினார்கள், ஒரு கிலோ கைட்டோசானுக்கு ஒரு டன்னுக்கும் மேல் தண்ணீர் செலவாகிறது என்று. உலகம் பூராவும் வருஷத்துக்கு அறுபது முதல் எண்பது லட்சம் டன் ஓடு கழிவாகிறது என்பதும் அவர்கள் சொன்ன கணக்குத்தான்.

நாற்றமடிக்கிற ஓட்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஆசிட் தண்ணீரை நம் ஓடையில் விட்டால் நமக்கு என்ன லாபம்? ஓடாவது நாளடைவில் மக்கும். கிணற்றில் இறங்கின உப்பு எந்தக் காலத்தில் போகும்? ஓட்டுப் பொடி ஆலை வரப்போகிறது, வேலை கிடைக்கும் என்று யாராவது உங்கள் ஊருக்கு வந்தால், ஓட்டுக்கு என்ன விலை என்று கேட்கிறதற்கு முன்னே கழிவு நீரை எங்கே விடுவாய், நல்ல தண்ணீர் எங்கே எடுப்பாய் என்று கேளுங்கள். இயற்கைச் சரக்கு என்று லேபிள் ஒட்டினால் மட்டும் ஆயிற்றா!

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறது, பால் தயிராகிறது. அந்தப் புளிப்பைக் கொடுக்கிற நுண்ணுயிர்களையே ஓட்டின் மேல் விடுகிறார்கள். அரைத்த இறால் தலையோடு வெல்லப்பாகு மாதிரி இனிப்பைச் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அந்த உயிர்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். இறால் தலைக்குள்ளேயே சதையைச் செரிக்கிற நொதிகள் இருக்கின்றன, அவை புரதத்தைக் கரைக்கும். வடிகிற நீர் விஷம் அல்ல. புரதமும் சுண்ணாம்பும் உள்ள சத்து நீர், தீவனத்துக்குக்கூட ஆகும். குறை என்னவென்றால் நாள் பிடிக்கும், ஆசிட் அளவுக்குச் சுத்தமாக வராது, கடைசியில் கொஞ்சம் ஆசிடும் காரமும் தொட்டுத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பத்துப் பங்கு ஆசிட் இரண்டு பங்காகக் குறைந்தால் அது கிணற்றுக்கு நல்லதுதானே.

இப்போது நம்ம சங்கதிக்கு வருவோம். கைட்டோசானை வீட்டில் காய்ச்சலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். சோப்பு காய்ச்சுகிறவர்கள்கூட இவ்வளவு கெட்டியான காஸ்டிக்கைக் கொதிக்க வைப்பதில்லை. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். அந்த வேலை நமக்கு வேண்டாம். நம் கையில் இருக்கிற வேலை இரண்டு. ஒன்று, ஓட்டைக் கெடாமல் சேர்த்து விற்பது. இன்னொன்று, நிலத்துக்கு முறையாகப் போடுவது.

விற்பதில் முதல் சங்கதி நேரம். உரித்த தோல் வெயிலில் கிடந்தால் அன்றைக்கே கெட ஆரம்பித்துவிடும். அழுகினால் நாரும் அறுந்து பலம் குறையும், ஆலைக்காரன் விலையைக் குறைப்பான். காலையில் உரித்ததை உடனே நல்ல தண்ணீரில் அலசி, சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். மணலில் காய வைக்காதீர்கள், மணல் ஒட்டினால் சரக்குக் கெட்டது. எடை கூடட்டும் என்று மணலைச் சேர்க்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஆலையில் எரித்துச் சாம்பல் கணக்குப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையையும் தோலையும் தனித்தனியாக வையுங்கள். தலையில் சதையும் குடலும் இருப்பதால் சீக்கிரம் அழுகும், தோலையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கையில் எடுத்தால் சலசலவென்று ஒலித்து, வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். காய வைக்கிறதற்கு முன்னாலேயே வாங்குகிறவன் யார் என்று பேசி முடித்துவிடுங்கள். காய வைத்துவிட்டு ஆள் தேடினால் விலையை அவன் சொல்லுவான்.

இன்னொன்று, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. 2017-லிருந்து 61 நாள் தடை. கடல் நண்டும் கடல் இறாலும் அந்த நாட்களில் குறைந்துவிடும், பண்ணை இறால் தோல்தான் கைகொடுக்கும். வருஷம் முழுக்க இவ்வளவு தருகிறேன் என்று ஒப்பந்தம் எழுதினால் இதையும் யோசித்து எழுதுங்கள்.

அடுத்தது நிலம். காய்ந்த இறால் ஓட்டில் நூற்றுக்கு ஆறு பங்கு போலத் தழைச்சத்து உண்டு. புரதத்தில் கொஞ்சம், கைட்டினில் கொஞ்சம். புரதம் சீக்கிரம் அழுகி அமோனியா வாயுவாகக் கிளம்பும். என் கத்தரி நாற்றைக் கருக்கினது அந்த அமோனியாவும், ஓட்டில் ஒட்டியிருந்த கடல் உப்பும்தான். அலசாமல் போட்டேன், ஆறப்போடாமல் நட்டேன், இரண்டும் என் தப்பு.

இரண்டாம் தடவை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஓட்டை இரண்டு தண்ணீரில் அலசிக் காய வைத்து இடித்தேன். இடிக்கும்போது மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி சில பேருக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிடும். இறால் சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்கள் கிட்டேயே போக வேண்டாம். ஒரு கூடை ஓட்டுத் தூளுக்கு ஐந்தாறு கூடை சருகு, வைக்கோல் துண்டு, தென்னை நார்க்கழிவு என்று அடுக்கினேன். ஒவ்வொரு அடுக்குக்கும் சாணிக் கரைசல் தெளித்து, மேலே நாலு விரல் கனத்துக்கு மண் மூடி, நாய் கிளறாமல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். மாதம் ஒரு தடவை புரட்டி மூன்று மாதம் வைத்தேன். நாற்றம் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவே வந்து, "என்ன தம்பி, இந்தத் தடவை மணக்கக் காணோமே" என்று கேட்டார்.

மணல் நிலத்தில் கத்தரி, தக்காளி வைக்கிறவர்களுக்கு வேர்முடிச்சுப் புழு பெரிய தலைவலி. செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கொட்டை கொட்டையாக இருக்கும். அந்தப் புழுவின் முட்டைத் தோடும் கைட்டினால் ஆனதுதான். மண்ணில் ஓட்டுத் தூளைச் சேர்த்தால் கைட்டினைத் தின்கிற நுண்ணுயிர்கள் பெருகும். பெருகினவை புழுவின் முட்டையையும் சேர்த்துத் தின்னும். 1980-களில் அமெரிக்காவில் நண்டு ஓட்டுத் தூளோடு யூரியாவைச் சேர்த்து இதற்கென்றே ஒரு மருந்து விற்றார்கள். ஆனால் அது நன்றாக வேலை செய்ய மண் எடையில் நூற்றில் ஒரு பங்கு போல வேண்டியிருந்தது. நம் கணக்கில் பாருங்கள். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மண் ஏறக்குறைய 800 டன். அதில் நூற்றில் ஒன்று என்றால் 8 டன் ஓட்டுத் தூள்! வண்டிக் கூலிக்கே கத்தரிக்காய் விற்ற காசு போய்விடும். அதனால் வயல் பூராவும் வேண்டாம், நாற்றங்காலுக்குப் போடுங்கள். ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 80 கிலோ ஆகும். அலசிக் காய்ந்த தூளைக் கொத்திக் கலந்து, தண்ணீர் விட்டு, மூன்று வாரம் ஆறப்போட்டு, அமோனியா வாடை போன பிறகே விதையுங்கள். என் நாற்றங்காலில் முடிச்சு குறைந்தது, அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்.

களர் நிலத்துக்காரர்கள் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறதே, களர் சரியாகும் என்று போட்டால் பலன் இல்லை. களர் மண்ணில் இந்தச் சுண்ணாம்பு கரையாது. அதற்கு ஜிப்சம்தான் சரி. நீலகிரி மாதிரி புளித்த மண் உள்ள இடத்தில் ஓட்டுச் சுண்ணாம்பு நன்றாக உதவும்.

கடைசியாக, கைட்டோசான் என்று பாட்டிலில் விற்கிற தெளிப்பு மருந்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அது பூச்சியையோ பூஞ்சாளத்தையோ நேரே கொல்கிற நஞ்சு மாதிரி அல்ல. எதிரி வந்துவிட்டது என்று செடியை நினைக்க வைத்து, அதன் சொந்தத் தடுப்பை எழுப்பிவிடும். நோய் வருவதற்கு முன்னே அடித்தால் உதவி, இலை பாதி போன பிறகு அடித்தால் செலவு. ஐரோப்பாவில் 2014-ல் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடைப் பயிருக்கு அடிக்க அனுமதித்தார்கள், அங்கேயும் இந்தக் காரணத்துக்காகத்தான். தூளாக வாங்கினால் கொஞ்சம் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரையாது. வினிகர் கலந்த தண்ணீரில் சில மணி நேரத்தில் கஞ்சி மாதிரி கரைய வேண்டும். உப்பாக மாற்றி விற்கிற வகை மட்டும் வெறும் தண்ணீரிலேயே கரையும். லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு இதைக் கலக்காதீர்கள். புளிப்பு போய்விட்டால் கைட்டோசான் திரிந்து தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரமாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

ஓட்டை வாங்குகிறவர்கள் யார், உங்கள் சரக்கு என்ன தரம், நொதிக்க வைக்கிற முறையைச் சங்கமாகச் சேர்ந்து செய்யலாமா என்று கேட்க வேண்டியவர்கள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ, நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ விசாரிக்கலாம். நண்டுக் கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. சதைக்குக் கூலி வாங்குகிறவர்கள் ஓட்டுக்கும் ஒரு விலை கேட்கலாம். போகும்போது காய்ந்த ஓட்டில் ஒரு கிலோ மாதிரியைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.